பாற்கட்டியும் பிரதேசச் சுவையும்: ஆரோக்கிய உணவுக் கருத்துநிலை பற்றிய ஒரு நோக்கு

1

உணவு பற்றிய ஆய்வு எமது பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் விவசாய பீடத்துக்கும் மருத்துவ பீடத்துக்கும் உரியதாகவே கருதப்பட்டு வந்துள்ளது. கலை இலக்கியம் பயில்வோர் அதனை எடுத்துக்கொள்ளுமிடத்தும் விருந்தோம்பல், பண்பாட்டு அடையாளம் என்னும் எல்லைகளைத் தாண்டிச் செல்வது அரிது. ஆயினும் ஒரு மக்கட் கூட்டம் எதனை உண்கிறது, எதனை உயர்ந்ததென மதிக்கிறது, எதனை இழிந்ததென ஒதுக்குகிறது என்பன கருத்துநிலை சார்ந்த வினாக்களே. சுவை நாவிலே தொடங்கி நாவிலே முடிவதன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றினுள் நிலமும் உழைப்பும் சந்தையும் அரசும் உள்ளன. உற்பத்தியானது நுகர்வுக்குரிய பொருளை மட்டுமன்றி நுகரும் முறையையும் நுகர்வோரின் தேவையையும் கூடப் படைக்கிறது என்பது 1857 இல் மார்க்ஸ் எழுதிய புகழ்பெற்ற முன்னுரைக் குறிப்புகளில் விளக்கப்பட்ட கருத்தாகும். அக்கருத்தினை ஓர் உணவுப்பொருளின் வழி நின்று பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அவ்வுணவுப்பொருள் பாற்கட்டி. பிரான்சில் ஒருவர் ஆண்டொன்றுக்கு 25 கிலோகிராமுக்கும் அதிகமான பாற்கட்டியை உண்கிறார். கிறீசும் பின்லாந்தும் இவ்வரிசையில் முன்னணியில் உள்ளன. பிரித்தானியாவில் இத்தொகை பிரான்சினதன் பாதிக்கும் குறைவு. ஜப்பானில் 2 முதல் 3 கிலோகிராம் வரை. சீனத்தில் ஒரு கிலோகிராமுக்கும் வெகுவாகக் குறைவு. இவ்வேறுபாடுகளுக்கு வழக்கமாக இரு விளக்கங்கள் தரப்படுகின்றன. அவற்றை இனத்தின் இயல்பு, உடற்கூறு, தொன்மரபு என்பவற்றின் விளைவாகக் காண்பது முதலாவது. தனிமனிதரின் விருப்பம், அறிவு, ஒழுக்கம் என்பவற்றின் விளைவாகக் காண்பது இரண்டாவது. ‘ஆரோக்கிய உணவு’ என்ற பெயரில் இன்று உலகெங்கும் பரவியுள்ள போக்கு இவ்விரண்டாவது விளக்கத்தின் மீதே எழுப்பப்பட்டுள்ளது. கொழுப்பைக் குறை, உப்பைக் குறை, சரியானதைத் தெரிவு செய் என அது தனிமனிதரை நோக்கிப் பேசுகிறது. அவர் தெரிவு செய்வதற்கு முன்னரே அவரது உணவுத் தட்டில் எது வைக்கப்படும் என்பதைத் தீர்மானித்தவர் யார் என்ற வினாவை அது பெரும்பாலும் எழுப்புவதில்லை. நாம் அவ்வினாவை எழுப்ப விழைகிறோம்.

2

முதலில் உடற்கூறு பற்றிய விளக்கத்தை நோக்குவோம். பாலிலுள்ள லக்ரோஸ் என்னும் சர்க்கரையைச் சமிக்கச் செய்யும் நொதி குழந்தைப் பருவத்தின்பின் மனிதருட் பெரும்பாலோரிடம் குன்றிவிடுகிறது. வட ஐரோப்பியரிடம் அது வாழ்நாள் முழுவதும் நிலைத்து நிற்பது மிகுதி. கிழக்காசியரிடம் மிகக் குறைவு. எனவே பாலுண்ணும் இனம், பாலுண்ணா இனம் என உலகை இரண்டாக வகுத்து, பாற்கட்டியின் பிரதேச வேறுபாட்டை அதனால் விளக்கிவிடலாம் எனச் சிலர் கருதுவர்.

இவ்விளக்கம் காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றி வைப்பதாகும். போலந்தின் குயாவியா பிரதேசத்தில் அகழ்ந்தெடுக்கப்பட்ட, 7,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட துளையிட்ட மட்கலங்களில் பாற்கொழுப்பின் எச்சங்கள் படிந்திருந்தமை 2012 இல் வெளியிடப்பட்ட வேதியியல் ஆய்வினால் நிறுவப்பட்டது. திரைந்த பாலை வடித்துப் பாற்கட்டி செய்தற்கு அக்கலங்கள் பயன்பட்டன. அக்கால ஐரோப்பியருட் பெரும்பாலோர் வளர்ந்தபின் பாலைச் சமிக்கச் செய்ய இயலாதவர்களாகவே இருந்தனர். பால் திரைந்து கட்டியாகும்போது லக்ரோசின் பெரும்பகுதி வடிநீரோடு வெளியேறிவிடுகிறது. எஞ்சியது நீண்டநாட் பதப்படுதலின்போது அற்றுப்போகிறது. ஆகவே உடலுக்கு ஒவ்வாத பாலை ஒவ்வும் உணவாக மாற்றிய தொழில்நுட்பமே பாற்கட்டி. உழைப்பு முதலில் வந்தது. கால்நடை வளர்ப்பும் பால் பதனிடலும் பல்லாயிரம் ஆண்டுகள் நிலைபெற்ற சூழலிலேயே உடற்கூற்று மாற்றம் பரவலாயிற்று. மனிதன் தன் உழைப்பினால் இயற்கையை மாற்றுகையில் தன் இயல்பையும் மாற்றிக்கொள்கிறான் என்ற கூற்றுக்கு இதனிலும் தெளிவான சான்று காண்பது கடினம்.

3

பிரதேச வேறுபாடு ஒரே நாட்டினுள் எவ்வாறு உருவாகிறது என்பதற்கு இத்தாலி தக்க எடுத்துக்காட்டாகும். வடக்கே போ நதிச் சமவெளி. நீர்வளமும் புல்வளமும் மிக்கது. மத்திய காலத்தில் அங்கு பெனடிக்ரைன், சிஸ்ரேசியன் துறவு மடங்கள் சதுப்பு நிலங்களை வடித்துப் பெரும் பசுப் பண்ணைகளை அமைத்தன. பார்மிஜானோ எனப்படும் பெரும் பாற்கட்டிச் சக்கரம் அத்தகைய சூழலிலேயே தோன்ற இயலும். ஏறத்தாழ 40 கிலோகிராம் நிறையுள்ள சக்கரமொன்றுக்கு 500 லீற்றருக்கும் அதிகமான பால் தேவை; அது குறைந்தது 12 மாதங்கள் பதப்படுதல் வேண்டும். ஓராண்டுக்கு மேலாக விற்காது வைத்திருக்கக்கூடியவன் எவனோ அவனே அதனை ஆக்கவல்லான். அதாவது, அப்பாற்கட்டி உறைந்த பால் மட்டுமன்று, உறைந்த மூலதனமுமாகும். எமிலியா பிரதேசத்து வங்கியொன்று இன்றும் பார்மிஜானோச் சக்கரங்களை ஈடாகப் பெற்றுக் கடன் வழங்கி, அவற்றைத் தன் களஞ்சியங்களில் அடுக்கி வைத்துள்ளமை இதனை ஐயத்துக்கிடமின்றிக் காட்டும்.

தெற்கே நிலை வேறு. மலைகளும் வறண்ட வெளிகளும் ஆட்டுக்கே உரியன. கோடையில் அப்ரூற்சி மலைகளிலும் மாரியில் அப்பூலியச் சமவெளியிலுமாக மந்தைகள் இடம்பெயர்ந்தன. இவ்விடப்பெயர்வை நேப்பிள்ஸ் அரசு 1447 முதல் 1806 வரை ஒரு சுங்க நிறுவனத்தின் மூலம் ஒழுங்குபடுத்தி வரி அறவிட்டது. மேய்ச்சல் நிலம் பயிர்நிலமாகாது காக்கப்பட்டமைக்கு அவ்வரி வருமானமே காரணமாயிற்று. செம்மறியாட்டுப் பாலாற் செய்யப்படும், உவர்ப்பு மிகுந்த, வழிப்பயணத்திற் கெடாத பெக்கொரினோ வகைகள் அங்கு நிலைபெற்றன. வடக்கின் சுவையென்றும் தெற்கின் சுவையென்றும் இன்று சுற்றுலாக் கைந்நூல்கள் புகழ்வன, நிலவுடைமையினதும் வரியினதும் வரலாற்றுப் படிவுகளே.

வர்க்கமும் இச்சுவையினுள் ஊடுருவி நின்றது. பாற்கட்டி நெடுங்காலம் உழவனின் இறைச்சியாகவே இருந்தது. வட இத்தாலியின் பிரியூலிப் பகுதியைச் சேர்ந்த மெனோக்கியோ என்னும் ஆலைக்காரர் பதினாறாம் நூற்றாண்டில் மத விசாரணை மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டபோது, பாலிலிருந்து பாற்கட்டி திரள்வது போல உலகம் திரண்டதென்றும் அதிற் புழுக்கள் தோன்றியதுபோலத் தேவதூதர் தோன்றினரென்றும் கூறினார். கார்லோ கின்ஸ்பேர்க் 1976 இல் வெளியிட்ட ‘பாற்கட்டியும் புழுக்களும்’ என்ற நூல் இவ்வழக்கினை ஆராய்ந்து புகழ்பெற்றது. உழைக்கும் மனிதன் பிரபஞ்சத்தை விளக்க முனைகையில் அவன் கைக்கு எட்டிய உவமை அன்றாட உணவாகவே இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இத்தாலியில் வழங்கும் பழமொழியொன்று, பேரிக்காயோடு சேர்த்து உண்டால் பாற்கட்டி எத்துணைச் சுவையானது என்பதை உழவன் அறிந்துவிடலாகாது என எச்சரிக்கிறது. பேரிக்காய் பிரபுக்களின் கனி. பாற்கட்டி உழவனின் உணவு. உழவனின் உணவைப் பிரபு தன் மேசைக்கு உயர்த்திக்கொள்ளும்போது, அதனை உயர்த்திய சுவையறிவு தனக்கே உரியதென நிலைநாட்டுவது அவனுக்கு இன்றியமையாததாகிறது. உணவு வரலாற்றாசிரியர் மாசிமோ மொந்தனாரி இப்பழமொழியை ஒரு தனி நூலாகவே ஆராய்ந்துள்ளார். உழவன் பாலைக் கறக்கலாம், பாற்கட்டியை ஆக்கலாம். அதன் சுவையை மதிப்பிடும் உரிமை மட்டும் அவனுக்கு இல்லை. இப்பழமொழியின் நிழல் இன்றைய ஆரோக்கிய உணவுப் பேச்சின் மீதும் படிந்திருப்பதைப் பின்னர்க் காண்போம்.

4

பிரதேசச் சுவை உருவாக்கப்படுவது போலவே அழிக்கப்படவும் கூடும். அழிக்கப்பட்டபின் விளம்பரத்தினால் மீளப் புனையப்படவும் கூடும். இங்கிலாந்தின் வரலாறு இதற்குச் சான்று. செஷயர், வென்ஸ்லிடேல், லங்கசயர் எனப் பிரதேசந்தோறும் பண்ணைப் பெண்களின் உழைப்பினால் வெவ்வேறு பாற்கட்டிகள் ஆக்கப்பட்டு வந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சொமர்செற்றைச் சேர்ந்த ஜோசப் ஹார்டிங் செடார் பாற்கட்டி ஆக்கத்தை ஒழுங்குமுறைப்படுத்தினார். 1851 இல் அமெரிக்காவின் நியூயோர்க் மாநிலத்தில் ஜெசி வில்லியம்ஸ் பல பண்ணைகளின் பாலை ஒன்றுசேர்த்துத் தொழிற்சாலை முறையிற் பாற்கட்டி செய்யத் தொடங்கினார். அதன்பின் செடார் ஓர் ஊரின் பெயராக இருந்த நிலை மாறி உலகச் சந்தைப் பண்டமொன்றின் பெயராயிற்று. 1882 இல் நியூசிலாந்திலிருந்து குளிரூட்டிய கப்பல் இலண்டனை அடைந்தமை குடியேற்ற நாடுகளைப் பிரித்தானியத் தொழிலாளியின் பாற்பண்ணையாக மாற்றும் வழியைத் திறந்தது.

இரண்டாம் உலகப் போர் இப்போக்கினை முடுக்கிவிட்டது. 1941 மே மாதத்தில் பாற்கட்டி பங்கீட்டுக்கு உட்படுத்தப்பட்டது. அப்பங்கீடு 1954 மே வரை நீடித்தது. பெரும்பாலான காலம் ஒருவருக்கு வாரத்துக்கு 2 முதல் 3 அவுன்ஸ் வரையே கிடைத்தது. சுரங்கத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் ஆகியோருக்கு மேலதிகப் பங்கு வழங்கப்பட்டது. பாற்கட்டிக்கு ஒதுக்கப்பட்ட பால் பெரும்பாலும் ‘அரசாங்கச் செடார்’ என அழைக்கப்பட்ட கடின வகைக்கே திருப்பப்பட்டது. பங்கீட்டு முறை ஒரு வகையில் நீதியானது. செல்வந்தனும் தொழிலாளியும் ஒரே அளவைப் பெற்றனர். ஆயினும் போர் முடிந்தபோது ஆயிரக்கணக்கிலிருந்த பண்ணைப் பாற்கட்டியாளர் மிகச் சிலராகச் சுருங்கியிருந்தனர். இன்றும் பிரித்தானியாவில் விற்பனையாகும் பாற்கட்டியில் ஏறத்தாழப் பாதி செடாரே.

பங்கீடு நீங்கியபின் விற்பனையைப் பெருக்க வேண்டிய தேவை எழுந்தது. பாணும் பாற்கட்டியும் வெங்காயமும் உழவனின் பழைய உணவாக இருந்தமை உண்மை. அதனை ‘உழவன் மதியவுணவு’ என்ற கவர்ச்சியான பெயரில் மதுச்சாலைகளின் உணவுப் பட்டியலில் ஏற்றியோர், 1950களில் பாற்கட்டி விற்பனைக்கென அமைக்கப்பட்ட பணியகத்தினரும் 1960களில் பால் சந்தைப்படுத்தும் சபையினருமாவர். 1983 இல் இயன் மக்யுவனின் எழுத்தில் வெளிவந்த திரைப்படமொன்று இப்பெயரையே தன் தலைப்பாகக் கொண்டது. நிகழ்காலத்தின் வசதிக்கேற்பக் கடந்தகாலத்தைப் புனைந்துகொள்ளும் ஒரு சமுதாயத்துக்கு அவ்வுணவு அங்கு குறியீடாயிற்று. எம்மிடையே மரபுணவு பற்றி உணர்ச்சி மேலிடப் பேசுவோர் இவ்வுதாரணத்தைச் சற்றே சிந்தித்தல் நன்று.

5

ஆரோக்கிய உணவுப் போக்கின் முரண்பாடு தன் முழு வடிவில் வெளிப்பட்ட இடம் அமெரிக்க ஐக்கிய நாடுகளாகும். 1977 இன் தொடக்கத்தில் ஜோர்ஜ் மக்கவேர்ன் தலைமையிலான செனற் குழு, நிரம்பிய கொழுப்பு, சர்க்கரை, உப்பு என்பவற்றைக் குறைக்குமாறு மக்களை வேண்டும் உணவு இலக்குகளை வெளியிட்டது. இறைச்சியைக் குறைவாக உண்ணுமாறு கூறிய பரிந்துரை, கால்நடைத் தொழிலதிபரின் எதிர்ப்பின்பின், நிரம்பிய கொழுப்பைக் குறைக்கும் இறைச்சி வகைகளைத் தெரிவு செய்யுமாறு அவ்வாண்டு இறுதிக்குள் மாற்றி எழுதப்பட்டது. ‘குறைவாக உண்’ என்ற சொல் மறைந்து ‘தெரிவு செய்’ என்ற சொல் வந்தமை வெறும் நடைமாற்றமன்று. முன்னையது உற்பத்தியைத் தொடுகிறது. பின்னையது நுகர்வோனின் தோளிற் பொறுப்பைச் சுமத்தி உற்பத்தியை அப்படியே விட்டுவிடுகிறது.

அதே 1977 இல் நிறைவேற்றப்பட்ட விவசாயச் சட்டம் பாலுக்கான ஆதரவு விலையை உயர்த்தியது. சந்தையில் விலைபோகாத வெண்ணெய், பாற்கட்டி, பால்மா ஆகியவற்றை அரசாங்கமே நிர்ணயித்த விலைக்கு வாங்க வேண்டியிருந்தது. உற்பத்தி பெருகிற்று, அரசாங்கக் களஞ்சியங்களும், மிசூரி மாநிலத்தின் சுண்ணக்கற் குகைகளும் பாற்கட்டியால் நிரம்பின. 1981 அளவில் இருப்பு 500 மில்லியன் இறாத்தலைத் தாண்டிற்று. அவ்வாண்டிலேயே உணவு முத்திரைக்கான செலவைக் குறைத்த ரொனால்ட் றீகன் அரசாங்கம், டிசம்பர் மாதத்தில் 30 மில்லியன் இறாத்தல் பாற்கட்டியை வறியோர்க்கு வழங்குவதாக அறிவித்தது. 5 இறாத்தல் கட்டிகளாக வழங்கப்பட்ட செம்மஞ்சள் நிறமான அப்பதனிட்ட பாற்கட்டி, 1980களில் வேலையற்றோரின் நீண்ட வரிசைகளோடு இணைந்து அந்நாட்டு மக்களின் நினைவில் நிலைத்துவிட்டது. தனக்கு வேண்டிய உணவை வாங்கும் வழி வறியவனிடமிருந்து குறைக்கப்பட்டது. சந்தைக்கு வேண்டாத உணவு அவனிடம் கையளிக்கப்பட்டது.

விவசாயத் திணைக்களம் 1980 இல் சுகாதாரத் திணைக்களத்துடன் சேர்ந்து, கொழுப்பை மிதமாக உண்ணுமாறு கூறும் உணவு வழிகாட்டிகளை வெளியிடத் தொடங்கியது. 1983 இன் சட்டமொன்று, பாற்பண்ணையாளர் விற்கும் ஒவ்வொரு நூறு இறாத்தல் பாலுக்கும் 15 சதம் கட்டாயமாக அறவிட்டுப் பாற்பொருள் விளம்பரத்துக்குச் செலவிட வகைசெய்தது. இவ்விளம்பரத்தை மேற்பார்வை செய்வதும் அதே விவசாயத் திணைக்களமே. அந்நிதியினால் இயங்கும் அமைப்பு டொமினோஸ் பீட்சா நிறுவனத்தோடு இணைந்து, வழக்கத்திலும் 40 வீதம் அதிகமான பாற்கட்டி கொண்ட பீட்சாக்களுக்கு 12 மில்லியன் டொலர் செலவில் விளம்பரம் செய்தமை 2010 இல் நியூயோர்க் ரைம்ஸ் இதழில் வெளியாயிற்று. ஒரு கை எச்சரிக்க, மறு கை விற்றது.

இங்கு பாலின் பொருளாதாரத்தைச் சிறிது விளங்கிக்கொள்ளுதல் அவசியம். ஆரோக்கியம் கருதி நடுத்தர வர்க்கத்தினர் முழுக்கொழுப்புப் பாலைக் கைவிட்டுக் கொழுப்பு நீக்கிய பாலை நாடினர். 1980களின் பிற்பகுதியில் அந்நாட்டில் கொழுப்புக் குறைத்த பாலின் விற்பனை முழுப்பாலின் விற்பனையை விஞ்சியது. ஆயின் நீக்கப்பட்ட கொழுப்பு எங்கே சென்றது? பசு கொழுப்பில்லாத பாலைச் சுரப்பதில்லை. ஓரிடத்தில் நீக்கப்பட்டது இன்னோரிடத்தில் விற்கப்பட்டே ஆகவேண்டும். அது உறைகுளிர்க் களியிலும் வெண்ணெயிலும் பாற்கட்டியிலும் சென்று சேர்ந்தது. 1970 இல் அமெரிக்கர் ஒருவர் ஆண்டுக்கு உண்ட பாற்கட்டி ஏறத்தாழ 11 இறாத்தல்; இன்று அது 40 இறாத்தல் அளவிலுள்ளது. இவற்றுள் முதலிடம் வகிப்பது மொசரெல்லா. தென் இத்தாலியின் வறுமையிலிருந்து புலம்பெயர்ந்த தொழிலாளரோடு கடல் கடந்த அவ்வுணவே இன்று பாலுபரியை உறிஞ்சும் பெருவாய்க்காலாக அமைந்துள்ளது.

பாற்கட்டியின் கழிவான பாற்றெளிவின் கதையும் இத்தகையதே. பத்து லீற்றர் பாலிலிருந்து ஏறத்தாழ ஒரு கிலோகிராம் கடினப் பாற்கட்டி கிடைக்க, எஞ்சுவது பாற்றெளிவாகும். பார்மா பிரதேசத்தில் அது பன்றிகளுக்கு ஊட்டப்பட்டது. தொழிற்சாலைகள் பெருகிய இடங்களில் ஆறுகளில் விடப்பட்டு நீரை மாசுபடுத்தியது. இன்று அதே பாற்றெளிவு உலர்த்தப்பட்டு, உடற்பயிற்சி செய்வோருக்கான புரதத் தூளாக உயர்ந்த விலைக்கு விற்கப்படுகிறது. ஆரோக்கிய உணவுப் போக்கு பாற்றொழிலின் எதிரியன்று. அதன் புதிய சந்தைகளுள் ஒன்றாகவே அது மாறிவிட்டது.

6

இனி, ஆரோக்கிய உணவுக்கு முன்மாதிரியாக உலகெங்கும் எடுத்துக்காட்டப்படும் மத்தியதரைக் கடற்பகுதியை நோக்குவோம். 1950களின் இறுதியில் அன்செல் கீஸ் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வு, கிறீத் தீவின் கிராமத்தவரிடையே இருதய நோய் மிகக் குறைவாக இருப்பதைக் கண்டது. ஒலிவ் எண்ணெய், தானியம், பருப்பு, கீரை, சிறிதளவு ஆட்டுப்பாற் பாற்கட்டி என்பன அவர்களின் உணவு. சமய நோன்பு நாட்களில் விலங்குணவு முற்றாக விலக்கப்பட்டது. இவ்வுணவு முறை பின்னர் நூல்களாகவும் உணவகங்களாகவும் பரவி, 2010 இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

ஆயின் அக்கிராமத்தவர் தம் உணவைப் பற்றி யாது கருதினர்? போரின்பின் 1948 இல் றொக்பெல்லர் அறநிலையம் கிறீத்தில் விரிவான அளவையொன்றை நடத்தியது. தமது உணவு போதாதென்றும் தாம் மிகவும் விரும்புவது இறைச்சியே என்றும் மக்களுட் பலர் அதிற் கூறினர். அவர்களது மெலிந்த உடலுக்குப் பின்னால் நாள் முழுவதும் மலைச்சரிவுகளில் செய்த கடும் உழைப்பும் போர்க்கால அழிவும் இருந்தன. பற்றாக்குறையினால் விளைந்த உணவு, நிறைவுற்றோரின் நாகரிகமாகியது. அவ்வுணவை உண்டோரின் குரல் மட்டும் அதில் இடம்பெறவில்லை. இத்தாலியப் பழமொழியின் நிழல் என நாம் குறிப்பிட்டது இதனையே. உழவனின் உணவு உயர்ந்தோர் மேசைக்கு ஏறுகையில் அதன் பெறுமதியை அறியும் உரிமை மீண்டும் உயர்ந்தோருக்கே உரியதாகிறது. வறுமையைப் போற்றுவது எமது நோக்கமன்று. அவ்வுணவின் நன்மையை மறுப்பதும் எமது நோக்கமன்று. நன்மையை அதன் வரலாற்றிலிருந்து பிரித்தெடுத்துப் பண்டமாக்கும் செயலையே நாம் சுட்டுகிறோம்.

பெட்டா பாற்கட்டியின் வழக்கு இதன் மறுபக்கம். செம்மறியாட்டுப் பாலோடு ஓரளவு வெள்ளாட்டுப் பாலும் கலந்து செய்து உவர்நீரில் இடப்படும் பெட்டா, கிறீசின் ஆயர்களுக்கு உரியது. டென்மார்க்கின் தொழிற்சாலைகள் அதே பெயரிற் பசுப்பாலாற் செய்த வெண்ணிறப் பாற்கட்டியைப் பெருந்தொகையாக ஏற்றுமதி செய்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2002 இல் அப்பெயரைக் கிறீசுக்கே உரியதாக்கியது. அதனை எதிர்த்த வழக்கு 2005 இல் தோல்வியுற்றது. ஒன்றியத்துக்கு வெளியே ஏற்றுமதி செய்யும்போதும் அப்பெயரைப் பயன்படுத்தலாகாது என 2022 இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரதேசம் என்பது இப்போது சட்டத்தாற் காக்கப்படும் ஒரு சொத்துரிமை. சிறு ஆயர்களுக்கு அது பாதுகாப்பளிப்பது உண்மையே. எனினும் பிரதேசத்தின் பெயரே பெறுமதியாகும்போது, அங்கு வாழ்வோரின் கூலியும் வாழ்வும் தாமாகவே உயர்ந்துவிடுவதில்லை.

7

தனிமனித ஒழுக்கத்தைப் போதிப்பதைத் தவிர வேறு வழி இல்லையா என்ற வினாவுக்குப் பின்லாந்தின் அனுபவம் ஒரு விடையைத் தருகிறது. போரின்பின் சோவியத் யூனியனுக்கு அளிக்கப்பட்ட கரேலியாப் பகுதியிலிருந்து வெளியேறிய 4 இலட்சத்துக்கும் அதிகமானோருட் பலர் சிறு நிலங்களில் குடியேற்றப்பட்டனர். காடு வெட்டுவதும் சில பசுக்களை வளர்ப்பதுமே கிழக்குப் பின்லாந்துச் சிறு விவசாயிகளின் வாழ்க்கை. பாலின் விலை அதன் கொழுப்பைக் கொண்டே கணிக்கப்பட்டது. வெண்ணெயும் முழுப்பாலுமே உணவாயின. 1970 அளவில் அங்கு இருதய நோயால் இறந்த ஆண்களின் வீதம் உலகிலேயே மிக உயர்ந்ததாக இருந்தது. 1971 இல் வட கரேலிய மக்களும் அவர்களின் பிரதிநிதிகளும் அரசாங்கத்திடம் மனு அளித்தனர். 1972 இல் பெக்கா புஸ்காவின் தலைமையில் வட கரேலியத் திட்டம் தொடங்கியது.

அத்திட்டம் துண்டுப்பிரசுரங்களோடு நின்றுவிடவில்லை. கிராமப் பெண்கள் சங்கங்கள் கூடிச் சமைத்துக் காட்டின. உள்ளூர் இறைச்சித் தொழிற்சாலைகள் கொழுப்பையும் உப்பையும் குறைத்தன. குளிர்நாட்டுக்கேற்ற எண்ணெய்ப்பயிர் வளர்க்கப்பட்டது. பாலுக்கான கொடுப்பனவில் கொழுப்புக்கு இருந்த முதன்மை குறைக்கப்பட்டுப் புரதத்துக்கு இடமளிக்கப்பட்டது. வருமானம் இழக்கவிருந்த பாற்பண்ணையாளர் சிறுகனிப் பயிர்ச்செய்கைக்கு மாற அரசாங்கம் உதவியது. உப்பு மிகுந்த உணவுகளில் அதனைக் குறிப்பிடுமாறு 1993 முதல் சட்டம் பணித்தது. தொழிலாற்றும் வயதினரான ஆண்களிடையே இருதய நோய் இறப்பு சில தசாப்தங்களில் 80 வீதத்துக்கும் மேலாக வீழ்ச்சியடைந்தது.

இவ்வனுபவத்தில் ஒன்று குறிப்பாக நோக்கத்தக்கது. இதே காலத்தில் பின்லாந்தில் பாற்கட்டி நுகர்வு குறையவில்லை; பல மடங்கு பெருகிற்று. ஒரே அளவு கொழுப்பை வெண்ணெயாக உண்பதிலும் பாற்கட்டியாக உண்பது குருதியிலுள்ள கொலஸ்ரரோலைக் குறைவாகவே உயர்த்துகிறது எனப் பிற்கால ஆய்வுகளும் காட்டியுள்ளன. உப்பும் கலோரியும் மிகுந்த உணவு என்ற வகையில் அதற்கு எல்லையுண்டு. ஆயினும் ஓர் உணவுப்பொருளைத் தனியே பிரித்து அரக்கனாகவோ அமுதமாகவோ சித்திரிப்பது அறிவியலாகாது. மொத்த உணவும் அதனை ஆக்கும் உறவுகளுமே ஆரோக்கியத்தைத் தீர்மானிக்கின்றன. பின்லாந்து ஒரு சோசலிச நாடன்று. அதன் வெற்றியை நாம் மிகைப்படுத்த வேண்டியதில்லை. உண்பவரையும் உற்பத்தி செய்பவரையும் ஒருங்கே நோக்கிய திட்டம், உண்பவரை மட்டும் குற்றஞ்சாட்டிய திட்டங்களால் இயலாததைச் சாதித்தது என்பதே பெறப்படும் பாடம்.

8

இவற்றுக்கும் எமக்கும் யாது தொடர்பு என வாசகர் வினவலாம். பாற்கட்டி இலங்கையில் நகரத்து நடுத்தர, மேற்தட்டு வர்க்கத்தினரின் உணவாகவே பெரும்பாலும் உள்ளது. ஆயினும் அதனை இயக்கும் அதே உலகச் சந்தை எமது தேநீர்க் கோப்பையினுள்ளும் உண்டு. பிரித்தானியாவுக்கு வெண்ணெயும் செடாரும் அனுப்பி வாழ்ந்த நியூசிலாந்து, 1973 இல் பிரித்தானியா ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் இணைந்தபின் ஆசியாவில் புதிய சந்தைகளை நாடியது. இலங்கை அவற்றுள் ஒன்று. மாடு வளர்ப்பு நெடுங்காலமாக நிலவும் நாட்டில் பாலென்றால் இறக்குமதிப் பால்மா என்ற நிலை வலுப்பெற்றது. 2021, 2022 ஆம் ஆண்டுகளின் அந்நியச் செலாவணி நெருக்கடியின்போது தாய்மார் பால்மாவுக்காக வரிசையில் நின்றனர். அவ்வேளையில் ‘சரியான உணவைத் தெரிவு செய்யுங்கள்’ என்ற அறிவுரை அவர்களுக்கு என்ன பொருள் தந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தொகுத்து நோக்குமிடத்து, பிரதேசச் சுவை மாறாத இயல்பன்று. நிலம், உழைப்பு, வரி, போர், ஏற்றுமதி ஆகியவற்றால் ஆக்கப்பட்டும் அழிக்கப்பட்டும் புனையப்பட்டும் வருவதாகும். ஆரோக்கிய உணவு என்ற கோரிக்கை நியாயமானது. மக்களின் உயிர் சார்ந்தது. அதனைத் தனிமனிதரின் மனவுறுதிக்குரிய சோதனையாகச் சுருக்கும் கருத்துநிலையே எதிர்க்கப்படவேண்டியது. எது விளைவிக்கப்படுகிறது, எதற்கு மானியம் வழங்கப்படுகிறது, எவருடைய பணத்தில் எது விளம்பரப்படுத்தப்படுகிறது என்பன ஊட்டச்சத்து பற்றிய வினாக்களே. உணவைப் பற்றிப் பேசும் மருத்துவரும் விவசாய அறிஞரும் பண்பாட்டு மாணவரும் இவ்வினாக்களை ஒருங்கிருந்து ஆராயும் நிலை எமது பல்கலைக்கழகங்களில் உருவாதல் வேண்டும். உழவன் எதனை அறிந்துவிடலாகாது எனப் பழமொழி அஞ்சிற்றோ, அதனை அவன் அறியச் செய்வது அவ்வாய்வின் முதற்பணியாக அமையட்டும்.